கடிகாரச் சட்டம் மாறும்போது கணினிகளைத் தயார்படுத்துவது எப்படி: கெய்ரோவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2023 ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை. அன்று எகிப்தில் நள்ளிரவு 12 மணி என்று ஒன்று இருக்கவில்லை. வியாழன் இரவு 11:59:59க்கு அடுத்த நொடியே வெள்ளி அதிகாலை 1:00. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் கோடைக்கால நேர முறையை 2014க்குப் பிறகு கைவிட்டிருந்த அந்த நாடு, எரிசக்திச் சிக்கனத்தைக் காரணம் காட்டி அதை மீண்டும் கொண்டுவந்தது. அமைச்சரவை ஒப்புதல் தந்தது மார்ச் 1 அன்று. கடிகாரம் நகர்ந்தது ஏப்ரல் 28 அன்று. இரண்டு மாதத்துக்கும் குறைவான அவகாசம். இந்தத் துறையில் அதுவே தாராளம்.

இந்தியாவில் கோடைக்கால நேரம் கிடையாது என்பதால் நமக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எண்ணிவிட முடியாது. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து அமெரிக்க, ஐரோப்பிய, வளைகுடா நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் ஏராளம். ஆண்டுதோறும் மார்ச்சிலும் நவம்பரிலும் நடக்கும் வழக்கமான மாற்றம் அவர்களுக்குப் பழகியதுதான்: நியூயார்க் காலை 9:30 கூட்டம் கோடையில் நமக்கு மாலை 7 மணி, குளிர்காலத்தில் இரவு 8 மணி. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது அல்ல. விதியே மாறும்போது என்ன செய்வது என்பதைப் பற்றியது. புதிய விதியைக் கணினியில் ஏற்றுவது சின்ன வேலை. பழைய விதியை நம்பி ஏற்கெனவே கணக்கிட்டு எழுதிவைத்துவிட்ட எதிர்கால நேரங்களைத் தேடித் திருத்துவதுதான் பெரிய வேலை. பெரும்பாலான அணிகள் முதலாவதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகின்றன.

எது நகர்கிறது, எது நகரவில்லை

கணினியின் உள்ளே ஓடும் நேரம் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம். அதை யாரும் முன்னும் பின்னும் தள்ளுவதில்லை. ஓர் ஊரின் நேரம் யூடிசியிலிருந்து எத்தனை மணி தள்ளி இருக்கிறது என்ற வித்தியாசம்தான் மாறுகிறது. எகிப்துக்கு அது வழக்கமாக 2 மணி, கோடையில் 3 மணி. எந்தத் தேதியில் எந்த வித்தியாசம் என்று சொல்லும் அட்டவணைதான் நேர மண்டல விதி.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைத்துவிடுவது நல்லது. "எங்கள் சர்வர்கள் எல்லாம் என்டிபி வழியாக நேரத்தைச் சரிபார்த்துக்கொள்கின்றன, அதனால் கவலை இல்லை" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்டிபி என்பது இணையம் வழியே கணினிக் கடிகாரங்களைச் சரிசெய்யும் முறை. அது கொண்டுவருவது யூடிசி மட்டுமே. கெய்ரோ எப்போது கடிகாரத்தை நகர்த்துகிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

படி 1: செய்தியை உறுதிசெய்யுங்கள்

நாளிதழில் வந்த செய்தி போதாது. உங்களுக்கு வேண்டியது நான்கு விவரங்கள்: மாற்றம் நடக்கும் துல்லியமான நொடி, எத்தனை நிமிட மாற்றம், எப்போது திரும்புகிறது, இந்த ஆண்டுக்கு மட்டுமா அல்லது இனி எப்போதுமா. எகிப்தின் விஷயத்தில் விடைகள் இவை: ஏப்ரல் மாதக் கடைசி வெள்ளி நள்ளிரவில் ஒரு மணி நேரம் முன்னே, அக்டோபர் மாதக் கடைசி வியாழன் முடியும்போது ஒரு மணி நேரம் பின்னே, ஆண்டுதோறும்.

இவற்றை உலகத்துக்காகத் தொகுத்துத் தருவது, இணையப் பெயர்களையும் எண்களையும் பராமரிக்கும் ஐயானா அமைப்பின் நேர மண்டலத் தரவுத்தளம். 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. இப்போது பால் எகெர்ட் ஒருங்கிணைக்கிறார். 2011 முதல் ஐகான் அமைப்பு அதற்கு இருப்பிடம் தருகிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன், ஜாவா, பைத்தான் அனைத்தும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. வெளியீடுகளுக்கு ஆண்டும் ஆங்கில எழுத்து வரிசையும் பெயர்: 2023ஏ, 2023பி, 2023சி என்று. எகிப்தின் மாற்றம் 2023ஏ வெளியீட்டில் மார்ச் 22 அன்று வந்தது. அதன் அறிவிப்பு அஞ்சல் பட்டியலில் அணியில் யாராவது ஒருவர் சேர்ந்திருக்க வேண்டும். செலவில்லாத, அதிகப் பயன் தரும் முன்னேற்பாடு இதுவே.

அரசுகள் மனம் மாறும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே எகிப்து 2016 ஜூலையில் கோடைக்கால நேரத்தைத் தொடங்குவதாகச் சொல்லிவிட்டு, கடிகாரம் நகர வேண்டிய நாளுக்குச் சில நாள்களுக்கு முன் கைவிட்டது. முன்கூட்டியே விதியை ஏற்றியவர்கள் அவசரமாக இறக்க வேண்டியதாயிற்று. லெபனான் 2023இல் இன்னும் ஒரு படி மேலே போனது. மார்ச் 25 நள்ளிரவில் நடக்க வேண்டிய மாற்றத்தை ரமலான் முடியும்வரை தள்ளிவைப்பதாக இடைக்காலப் பிரதமர் நஜீப் மிகாத்தி மார்ச் 23 அன்று அறிவித்தார். அங்குள்ள மரோனைட் கிறிஸ்தவத் திருச்சபை ஏற்க மறுத்தது. ஒரே நாட்டில் சில நாள்கள் இரண்டு நேரங்கள் ஓடின. 27ஆம் தேதி அமைச்சரவை பின்வாங்கியது. தரவுத்தளத்தில் 2023பி வெளியீடு தள்ளிவைப்பை ஏற்றது, சில நாள்களிலேயே 2023சி அதைத் திரும்ப எடுத்தது. ஆகவே, ஏற்றும் வழியை எழுதிவைக்கும்போதே இறக்கும் வழியையும் எழுதிவையுங்கள். பழைய வெளியீட்டின் கோப்புகளை அழிக்காதீர்கள். படி 4இல் அவை வேறொரு காரணத்துக்கும் தேவைப்படும்.

படி 2: விதியின் பிரதிகளைக் கணக்கெடுங்கள்

ஒரு சர்வரில் நேர மண்டல விதி ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் நான்கைந்து பிரதிகள் இருக்கும், ஒவ்வொன்றும் வேறுவேறு வயதில். ஒரே வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒன்றைப் புரட்டி நாள் குறிப்பது போன்ற நிலைமை. இரண்டும் தன்னளவில் தெளிவாகப் பேசும். ஒன்றோடொன்று மட்டும் ஒத்துப்போகாது.

இயங்குதளத்திலிருந்து தொடங்குங்கள். லினக்ஸில் இது டிஇசட்-டேட்டா என்ற தனிப் பொதியாக வரும். விண்டோஸ் தனக்கென்று வேறு பெயர்களும் வேறு அட்டவணையும் வைத்திருக்கிறது. அவை விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும், விண்டோஸ் அப்டேட் வழியே மாறும். ஐயானா பெயரான 'ஆப்பிரிக்கா/கெய்ரோ'வும் விண்டோஸின் எகிப்து மண்டலமும் வெவ்வேறு நாள்களில் புதுப்பிக்கப்படலாம் என்பதே உங்கள் முதல் தலைவலி.

அடுத்து மொழிகள். ஜாவா இயங்குதளத்தைப் பார்ப்பதே இல்லை. தன் சொந்தக் கோப்பை உள்ளேயே வைத்திருக்கிறது. அதற்கென்று டிஇசட்-அப்டேட்டர் என்ற கருவி உண்டு, அல்லது ஜாவாவின் புதிய பதிப்பையே ஏற்ற வேண்டும். பழைய ஜாவா நிரல்களில் ஜோடா-டைம் என்ற நூலகம் இருந்தால் அது இன்னொரு தனிப் பிரதி. பைத்தானில் 3.9 முதல் வந்த சோன்இன்ஃபோ முதலில் இயங்குதளத்தைப் பார்க்கும். பைடிஇசட் என்ற நூலகம் தன் தரவைத் தானே சுமந்து வரும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட், ஐசியு என்ற நூலகத்துக்குள் பிரதி வைத்திருக்கும்; அதன் பதிப்புத் தகவலைக் கேட்டால் தரவுத்தளத்தின் வெளியீட்டுப் பெயரையும் சொல்லிவிடும். கோ மொழியில் எழுதிய நிரலுக்குள் தரவைப் பொதித்தே தொகுத்திருக்கக்கூடும். அப்படியானால் மறுபடி தொகுத்து வெளியிடுவது ஒன்றே வழி. பிஎச்பிக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

தரவுத்தளங்களில் மைஎஸ்கியூஎல் ஏமாற்றக்கூடியது. மண்டலப் பெயர்களுக்கான விதிகளை அது தன் சொந்த அட்டவணைகளில் வைத்திருக்கிறது. இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் அந்த அட்டவணைகளை மறுபடி நிரப்பாதவரை அது பழைய விதியிலேயே இருக்கும். போஸ்ட்கிரெஸ், தொகுக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து, இயங்குதளத்தின் தரவையோ சொந்தப் பிரதியையோ பயன்படுத்தும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் நேர மண்டலக் கோப்பை உயர்த்துவது தனிச் சடங்கு. அதற்குப் பராமரிப்பு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். இதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

ஒரே சர்வரில் தனித்தனிப் பெட்டிகளாக ஓடும் நிரல் தொகுப்புகளான கண்டெய்னர்களை மறந்துவிடுவது எளிது. ஓம்பும் சர்வரைப் புதுப்பித்தால் அதன் மேல் ஓடும் நாற்பது கண்டெய்னர்களும் புதுப்பிக்கப்பட்டன என்று பொருளல்ல. கண்டெய்னர் உருவாகும் அச்சான ஒவ்வொரு இமேஜும் தன் பிரதியைச் சுமக்கிறது, அல்லது ஆல்பைன் போன்ற சிறிய இமேஜ்களில் அது இல்லவே இல்லை. இமேஜ்களை மறுபடி உருவாக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, யாரும் கணினி என்று எண்ணாத கணினிகள்: ஐபி தொலைபேசி, வருகைப் பதிவுக் கருவி, கதவுப் பூட்டு, கேமரா பதிவுப்பெட்டி, அச்சு இயந்திரம். இவற்றில் பலவற்றில் விதியைக் கையால்தான் எழுத வேண்டும். 'ஏப்ரல், ஐந்தாவது வாரம், வெள்ளி' என்று உள்ளிட வேண்டியிருக்கும். ஐந்து என்றால் இங்கே கடைசி என்று பொருள். அக்டோபர் மாற்றத்துக்கு 'வியாழன் 24 மணி' என்று எழுத வேண்டும். 24ஐ ஏற்காத கருவிகளும், மாற்ற நாளாக ஞாயிற்றுக்கிழமையை மட்டுமே அனுமதிக்கும் கருவிகளும் உண்டு. அப்படிப்பட்டவற்றைத் தனிப் பட்டியலில் எழுதுங்கள். அவற்றுக்கு வேறு வழி பின்னால் வருகிறது.

பயனரின் கைப்பேசியும் உலாவியும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. பிரேசில் 2019 ஏப்ரலில் கோடைக்கால நேரத்தை ஒழித்தது. ஆறு மாதம் கழித்து, புதுப்பிக்கப்படாத பல கைப்பேசிகள் பழைய விதிப்படித் தாமாகவே ஒரு மணி நேரம் முன்னே ஓடின. எனவே முக்கியமான நேரங்களைப் பயனரின் கருவியைக் கொண்டு கணக்கிட வைக்காதீர்கள். சர்வரில் கணக்கிட்டு, ஊரின் பெயரோடு 'காலை 10:00, கெய்ரோ நேரம்' என்று எழுத்தாகவே அனுப்புங்கள்.

படி 3: ஏற்றுங்கள், மறுபடி தொடங்குங்கள், குறித்துவையுங்கள்

ஏற்றுவதில் பெரிய கலை இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பல, தொடங்கும்போது ஒருமுறை விதியைப் படித்து நினைவில் வைத்துக்கொள்கின்றன. கோப்பு மாறியது அவற்றுக்குத் தெரியாது. மறுபடி தொடங்கினால்தான் தெரியும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், நிகழ்வுப் பதிவான லாக்கை எழுதும் சேவை, தரவுத்தளம், ஜாவா சேவைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மிகப் பழைய நிரல்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2020பி வெளியீட்டிலிருந்து தரவுக் கோப்புகள் இயல்பாகவே 'மெலிந்த' வடிவில் உருவாகின்றன. பழைய 32-பிட் பகுதியை மட்டும் படிக்கத் தெரிந்த நூலகங்கள் அதில் தடுமாறும். அத்தகைய இடத்தில் 'கொழுத்த' வடிவத்தைக் கேட்டு உருவாக்குங்கள்.

ஒவ்வொரு சேவையிலும் புதிய விதி எந்த நாள், எந்த நொடியில் நடைமுறைக்கு வந்தது என்பதை யூடிசியில் எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் அடுத்த படியைச் செய்யவே முடியாது.

படி 4: எதிர்காலத் தேதிகளைத் திருத்துங்கள்

கெய்ரோவில் ஒரு மருத்துவர். அவருடைய முன்பதிவு மென்பொருளில் 2023 ஜனவரியில் ஒரு நோயாளி மே 10, காலை 10 மணிக்கு நேரம் வாங்குகிறார். அன்றைய விதிப்படி கெய்ரோ யூடிசியிலிருந்து 2 மணி முன்னே. மென்பொருள் அதை யூடிசி 8:00 என்று மாற்றிச் சேமிக்கிறது. ஏப்ரலில் நீங்கள் புதிய விதியை ஏற்றுகிறீர்கள். மே மாதத்தில் கெய்ரோ இப்போது 3 மணி முன்னே. திரையில் அந்த முன்பதிவு காலை 11:00 என்று தெரிகிறது. நோயாளி கையில் உள்ள சீட்டில் 10:00 என்றிருக்கிறது.

கவனியுங்கள்: விதியை ஏற்றாமல் இருந்திருந்தால் திரை 10:00 என்றே காட்டியிருக்கும். சரியாக வேலை செய்ததால் தவறு வெளியே வந்தது. 'எல்லாவற்றையும் யூடிசியில் சேமி' என்ற பரவலான அறிவுரை, நடந்து முடிந்தவற்றுக்கு முற்றிலும் சரி. இனி நடக்கப்போகிறவற்றுக்கு அது ஒரு யூகம். அரசு நாளை என்ன முடிவெடுக்கும் என்று யூடிசிக்குத் தெரியாது.

திருத்தும் முறை இது. 'யூடிசி மதிப்பில் ஒரு மணி நேரம் கழி' என்று ஒரே வரியில் தரவுத்தளக் கட்டளை எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, பழைய வெளியீட்டின் தரவை ஒரு தனி அடைவில் வைத்து, அதைக் கொண்டு சேமித்த யூடிசியை உள்ளூர் நேரமாக்குங்கள். 8:00 மறுபடி 10:00 ஆகும். பிறகு அந்த 10:00ஐப் புதிய தரவைக் கொண்டு யூடிசி ஆக்குங்கள். 7:00 கிடைக்கும். பழைய யூடிசியும் புதிய யூடிசியும் ஒன்றாக இருந்தால் அந்த வரியைத் தொட வேண்டியதில்லை. இந்த வழி கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தானாகவே பொருந்தும். லெபனான் போல விதி திரும்பிப் போனாலும் அதே நிரல் எதிர்த்திசையில் வேலை செய்யும்.

எல்லா வரிகளையும் இதற்குள் விடக்கூடாது. முதலில், அந்த வரி எப்போது எழுதப்பட்டது? புதிய விதி வந்த பிறகு உள்ளிட்ட முன்பதிவு ஏற்கெனவே சரியாக இருக்கிறது. அதைத் திருத்தினால் கெட்டுவிடும். படி 3இல் எழுதிவைத்த நேரம் இங்கேதான் உதவுகிறது. இணைய சேவை ஒரு நாளும் பின்னணிச் சேவை இன்னொரு நாளும் புதுப்பிக்கப்பட்டிருந்தால், வரியை எழுதியது எது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அந்த நேரம் யாருடைய கடிகாரத்துக்கு உரியது? லண்டனில் இருப்பவர் தன் மாலை 3 மணிக்குக் கூட்டம் வைத்து கெய்ரோ ஊழியர்களை அழைத்திருந்தால், யூடிசி மாறக் கூடாது. கெய்ரோக்காரர்கள் ஒரு மணி நேரம் தள்ளி வர வேண்டியதுதான். கெய்ரோவிலிருந்து புறப்படும் விமானத்தின் புறப்பாட்டு நேரம் கெய்ரோவுக்கு உரியது. அது துபாயில் இறங்கும் நேரம் துபாய்க்கு உரியது. சான்றிதழ் காலாவதி, உள்நுழைவு டோக்கனின் ஆயுள், ஏலம் முடியும் நொடி போன்றவை எந்த ஊருக்கும் உரியவை அல்ல. இவற்றைத் தொடவே கூடாது.

மூன்றாவது, இல்லாத நேரமும் இருமுறை வரும் நேரமும். 2023 ஏப்ரல் 28 நள்ளிரவு 12:30க்குப் பதிவான எதுவும் இப்போது இல்லாத நேரத்தில் இருக்கிறது. அக்டோபர் 26, வியாழன் இரவு 11:30 இரண்டு முறை வருகிறது. மென்பொருள் நூலகங்கள் இவற்றுக்கு ஏதோ ஒரு விடை தந்துவிடும், பிழை என்று கூவாது. அந்த வரிகளைத் தனியே எடுத்து மனிதர் ஒருவர் பார்க்கட்டும். பொதுவாக ஒரு கைவிரல் எண்ணிக்கையைத் தாண்டாது.

நாட்காட்டி அழைப்புகள் தனிக் கதை. ஐகேலண்டர் வடிவத்தில் அனுப்பும் ஒவ்வொரு அழைப்பும் அப்போதைய மண்டல விதியைத் தன்னுள்ளேயே சுமந்து செல்கிறது. பெறும் மென்பொருள் அந்த உள்விதியை நம்பலாம், அல்லது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தன் சொந்த விதியைப் போடலாம். எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அமெரிக்கா 2007இல் கோடைக்கால நேரத்தை நீட்டியபோது இதன் முழு விளைவையும் பார்த்தார்கள். 2005 எரிசக்திக் கொள்கைச் சட்டம், ஏப்ரல் முதல் ஞாயிறுக்குப் பதிலாக மார்ச் இரண்டாம் ஞாயிறில் தொடக்கத்தையும், அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பதிலாக நவம்பர் முதல் ஞாயிறில் முடிவையும் வைத்தது. மார்ச் 11 முதல் ஏப்ரல் 1 வரையிலான மூன்று வாரமும், அக்டோபர் 28 முதல் நவம்பர் 4 வரையிலான ஒரு வாரமும் சர்ச்சைக்குரிய காலமாகின. அவுட்லுக், எக்ஸ்சேஞ்ச் நாட்காட்டிகளைத் திருத்த மைக்ரோசாப்ட் தனிக் கருவிகளையே வெளியிட்டது. அந்த வாரங்களில் பல அலுவலகங்கள் கூட்டத்தின் தலைப்பிலேயே நேரத்தையும் எழுதி அனுப்பின. இன்றைக்கும் அதைவிட நல்ல யோசனை இல்லை. தொடர் கூட்டங்களை முடிந்தால் ரத்துசெய்து புதிதாக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 5: இரவு வேலைகளை நகர்த்துங்கள்

கெய்ரோவின் ஏப்ரல் இரவில் 12:00 முதல் 1:00 வரை இல்லை; அக்டோபர் இரவில் 11:00 முதல் 12:00 வரை இருமுறை. வங்கிகளும் கடைகளும் நாள் கணக்கை முடிப்பது இதே நேரத்தில்தான். அமெரிக்காவில் மாற்றம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு நடப்பதால் அங்கே எழுதிய நிரல்கள் நள்ளிரவை ஐயமின்றி நம்புகின்றன. 'நாளின் தொடக்கம் = 00:00' என்று எழுதிய வரி ஒவ்வொன்றும் எகிப்தில் ஆண்டுக்கு ஒருமுறை பொய். ஜாவாவில் நாளின் தொடக்கத்தை மண்டலத்தோடு சேர்த்துக் கேட்கும் முறை உண்டு. அது அன்று 1:00 என்று சரியாகச் சொல்லும்.

டெபியனில் உள்ள கிரான் கொஞ்சம் புத்திசாலி: குறித்த நேரத்து வேலை விடுபட்ட இடைவெளியில் விழுந்தால் உடனே ஓட்டும், இருமுறை வரும் நேரத்தில் மறுபடி ஓட்டாது. வேறு திட்டமிடும் மென்பொருள்கள் அப்படி இல்லை. அவற்றின் குணத்தை ஆராய்வதைவிட, ஆபத்தான வேலைகளை 11:00–1:00 இடைவெளிக்கு வெளியே தள்ளுவது மலிவு. கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் கிரான் வேலைக்கு மண்டலப் பெயர் தரலாம். ஆனால் அங்கே பயன்படுவது கட்டுப்பாட்டுப் பகுதியிடம் உள்ள விதி, உங்கள் கண்டெய்னரில் உள்ளது அல்ல.

இன்னொன்று: 24 கட்டங்கள் கொண்ட அட்டவணை. மணிவாரியாக மின் நுகர்வையோ விற்பனையையோ சேர்க்கும் நிரலுக்கு ஏப்ரல் 28 அன்று 23 மணி, அக்டோபர் 26 அன்று 25 மணி. இரவுப் பணியாளரின் சம்பளக் கணக்கிலும் இதே கேள்வி வரும். அதற்கு விடை தர வேண்டியது மனிதவளத் துறை. நிரலாளர் தானே முடிவெடுக்க வேண்டாம்.

படி 6: சோதியுங்கள்

லினக்ஸில் இசட்-டம்ப் என்ற சிறு கருவி, ஒரு மண்டலத்தின் எல்லா மாற்ற நொடிகளையும் வரிசையாகக் காட்டும். 2023க்குக் கெய்ரோ தர வேண்டிய விடை: ஏப்ரல் 27, யூடிசி 21:59:59 என்றால் உள்ளூரில் 23:59:59, அடுத்த நொடி 28ஆம் தேதி 01:00:00. அக்டோபர் 26, யூடிசி 20:59:59 என்றால் 23:59:59. அடுத்த நொடி மறுபடி 23:00:00. இந்த நான்கு வரிகளை ஜாவா, பைத்தான், நோட், தரவுத்தளம் ஒவ்வொன்றிடமும் கேளுங்கள். எது வேறு விடை தருகிறதோ அதுதான் கணக்கெடுப்பில் விட்டுப்போன பிரதி.

முழு அமைப்பையும் எதிர்காலத்துக்கு நகர்த்திப் பார்க்க வேண்டுமென்றால் சோதனைச் சர்வரில் என்டிபியை நிறுத்துங்கள், வெளியுலகத் தொடர்பைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் சான்றிதழ்களும் டோக்கன்களும் காலாவதியாகி, நேர மண்டலத்தோடு தொடர்பில்லாத பிழைகளைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். ஃபேக்டைம் போன்ற நூலகம் ஒரே ஒரு நிரலுக்கு மட்டும் பொய் நேரம் சொல்ல உதவும். எனக்கு அதுவே பிடித்த வழி.

திருத்தம் வராத கருவிகளுக்கு

ஆதரவு முடிந்துபோன இயங்குதளத்துக்கு யாரும் புதிய விதி தரமாட்டார்கள். 2007இல் முதன்மை ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் 2000க்கும் இலவசத் திருத்தம் வரவில்லை; ரெஜிஸ்ட்ரியைக் கையால் திருத்தும் வழிமுறையைப் பின்பற்ற வேண்டியிருந்தது.

இங்கே செய்யக் கூடாத ஒன்று உண்டு: கடிகாரத்தைக் கையால் ஒரு மணி நேரம் தள்ளுவது. திரையில் நேரம் சரியாகத் தெரியும். ஆனால் மண்டல விதி பழையதாகவே இருப்பதால், கணினியின் உள்ளே யூடிசி ஒரு மணி நேரம் தவறாகிவிடும். விண்டோஸ் வலையமைப்பில் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாக ஏற்கும் வித்தியாசம் 5 நிமிடம். அதைத் தாண்டினால் உள்நுழைவு மறுக்கப்படும். லாக் வரிசை குலையும்.

தற்காலிக வழி, மண்டலத்தை மாற்றுவது. ஆண்டு முழுவதும் 3 மணி முன்னே நிற்கும் ரியாத் மண்டலத்தை ஏப்ரலில் தேர்ந்தெடுத்து, அக்டோபரில் மறுபடி பழைய மண்டலத்துக்கு வரலாம். யூடிசி கெடாது. ஊர்ப் பெயருக்குப் பதில் ஐயானாவின் 'ஈடிசி' வகைப் பெயர்களை எடுத்தால் அங்கே கூட்டல் கழித்தல் குறிகள் தலைகீழ்: 3 மணி முன்னே வேண்டுமென்றால் 'ஜிஎம்டி-3' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்டோபரில் திரும்ப மாற்ற வேண்டியதைப் பணிப் பட்டியலில் ஆள் பெயரோடு போட்டுவிடுங்கள்.

படி 7: மாறும் இரவு

கெய்ரோவின் ஏப்ரல் மாற்றம் சென்னையில் அதிகாலை 3:30. அக்டோபர் மாற்றம் 2:30. விழித்திருப்பவர் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை: வரிசையில் தேங்கிய வேலைகள், இருமுறை அனுப்பப்பட்ட செய்திகள், எதிர்மறைக் கால அளவு காட்டும் அறிக்கைகள். உண்மையான சோதனை, வெள்ளி, சனி வார விடுமுறை முடிந்து ஞாயிறு காலை எகிப்து அலுவலகங்கள் திறக்கும்போது. இரவு முழுவதும் விழித்தவரையே வெள்ளி காலையிலும் உட்கார வைக்காதீர்கள்.

எந்த இரவிலும் எதுவும் நகராத மாற்றங்களும் உண்டு, அவை இன்னும் வஞ்சகமானவை. பராகுவே 2024 அக்டோபர் 6 அன்று வழக்கம்போல் கோடைக்கால நேரத்துக்குப் போனது. அதன் பிறகு அதே மாதத்தில், இனி ஆண்டு முழுவதும் இதுவே நேரம் என்று சட்டமாக்கியது. கடிகாரத்தில் எந்த மாற்றமும் இல்லை. புதுப்பிக்காத கணினிகள் 2025 மார்ச் 23 அன்று பழைய விதிப்படித் தாமாகப் பின்னே போகும் வரை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பழைய காலத்தைக் கெடுக்காதீர்கள்

புதிய விதி பழைய தேதிகளுக்குப் பொருந்தக் கூடாது. 2019 மே மாதத்தில் கெய்ரோ 2 மணிதான் முன்னே இருந்தது. இன்றைய நிரலும் அப்படியே சொல்ல வேண்டும். மண்டலத்துக்கு ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளத் தெரிந்த விண்டோஸ் எக்ஸ்பி, 2007க்குப் பிறகு 2006 மார்ச் மாதப் பதிவுகளையும் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டியது. கையால் விதி எழுதும் கருவிகள் இன்றும் அதைத்தான் செய்யும்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கை. மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி யூடிசி+6:30 ஆக்கினார்கள்; அதே ஆண்டு அக்டோபரில் +6:00 ஆக்கினார்கள்; 2006 ஏப்ரலில்தான் பழைய +5:30க்குத் திரும்பினார்கள். அந்தப் பத்தாண்டுப் பதிவுகளை நிலையான +5:30 கொண்டு மாற்றும் நிரல் முதல் ஐந்து மாதங்களுக்கு ஒரு மணி நேரமும், பிறகு அரை மணி நேரமும் தவறும். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றியதால், 2000இல் வன்னியில் பிறந்தவருக்கும் கொழும்பில் பிறந்தவருக்கும் ஒரே கடிகாரம் இல்லை. தரவுத்தளத்தில் இருப்பதோ 'ஆசியா/கொழும்பு' ஒன்றுதான். ஜாதக மென்பொருள் எழுதுபவர்கள் இதைப் பயனரிடம் கேட்டே தீர வேண்டும்.

அடுத்த முறைக்கு அட்டவணையை மாற்றுங்கள்

படி 4 உங்களை வதைத்திருந்தால், எதிர்கால நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளத்தில் இவற்றைச் சேமிக்கத் தொடங்குங்கள்: பயனர் சொன்ன உள்ளூர் நேரம், அது எந்த மண்டலத்துக்கு உரியது என்ற ஐயானா பெயர், தேடலுக்கும் வரிசைப்படுத்தலுக்குமான யூடிசி மதிப்பு, அந்த மதிப்பைக் கணக்கிட்ட தரவு வெளியீட்டின் பெயர். முதல் இரண்டும் மூலம். பின்னிரண்டும் எப்போது வேண்டுமானாலும் அழித்து மறுபடி கணக்கிடக்கூடியவை. '+02:00' என்று வித்தியாசத்தை மட்டும் சேமிப்பது போதாது, அது கெய்ரோவா ஜோகன்னஸ்பர்க்கா என்று சொல்லாது. நேரத்தோடு மண்டலப் பெயரையும் ஒரே எழுத்துத் தொடரில் அனுப்புவதற்கு 2024இல் வெளியான ஆர்எஃப்சி 9557 என்ற இணையத் தரநிலை ஆவணம் ஒரு பொது வடிவம் தருகிறது. சேவைகளுக்கிடையே பேசும்போது அதைப் பயன்படுத்தலாம்.

பிறகு ஒரு சிறு பின்னணி வேலை எழுதுங்கள். புதிய தரவு வெளியீடு ஏறியதும், பழைய வெளியீட்டின் பெயர் தாங்கிய எதிர்கால வரிகளை மட்டும் எடுத்து யூடிசியை மறுபடி கணக்கிட்டு, மாறியவற்றின் பட்டியலை வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பட்டும். அந்தப் பட்டியலில் உள்ள பயனர்களுக்கு 'உங்கள் நேரம் மாறவில்லை, காலை 10:00தான்' என்று ஒரு குறுஞ்செய்தி போய்விட்டால், மறுநாள் காலை தொலைபேசி அழைப்புகள் பாதியாகக் குறையும்.